கம்பெனி

நம் ஊர்க் கூட்டுக் குடும்பம்போல ஒரே சொல்லுக்குள் பல அர்த்தங்கள் குடியிருப்பது ஆங்கிலத்தில் சகஜம். 'கம்பெனி'யையே எடுத்துக் கொள்ளுங்கள். லத்தீனில் 'பானிஸ்' என்றால் ரொட்டி. முன்னால் ஒட்டிக் கொண்ட 'கோம்' என்பதற்குக் 'கூட' என்று அர்த்தம். சேர்ந்து உட்கார்ந்து ரொட்டி தின்கிறவர்கள்! பேச்சுத் துணையும், வீட்டுக்கு வந்த விருந்தாளியும், பட்டாளத்தில் ஒரு பிரிவுச் சிப்பாய்களும் இந்தச் சொல்லில் அடங்கியதில் ஆச்சரியமில்லை.

1600-ம் வருஷம் டிசம்பர் 31-ந் தேதி எலிஸபெத் ராணி லண்டன் வியாபாரிகளுக்குச் சாஸனம் எழுதிக் கொடுத்தாள். அந்தக் கூட்டமும் கம்பெனிதான். ஆனால் சேர்ந்தது ரொட்டியல்ல, முதல். 1765-ல் வங்காளத்தில் வரி வசூலிக்கும் உரிமை அதன் கைக்கு வந்தது. 1770-ல் பஞ்சம். ஜனங்கள் லட்சக்கணக்கில் மடிந்தார்கள். வரி வசூல் மட்டும் நிற்கவில்லை. பெயரிலே ரொட்டியை வைத்துக் கொண்டு செய்த காரியம் இது!

நம்மவர்கள் அதைக் 'கும்பினி' என்றார்கள். கட்டபொம்மன் கதைப்பாடல்களில் கும்பினி என்றால் வியாபாரமா நினைவுக்கு வருகிறது? பீரங்கியும், 1799-ல் கயத்தாற்றில் போட்ட தூக்கும் அல்லவா!

1874-ல் அந்தக் கம்பெனி கலைந்தது. சொல்லை நம் நாடகக்காரர்கள் விடவில்லை. பாய்ஸ் கம்பெனிகள் கிளம்பின. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் எம்.ஜி.ஆர். சிறுவனாகச் சேர்ந்தார். ஏழைத் தாய்மார் பிள்ளைகளை அங்கே கொண்டு போய் விட்டது கலைக்காகவோ புகழுக்காகவோ அல்ல. வேளாவேளைக்குப் பந்தியில் உட்கார வைத்துச் சோறு போடுவார்களே, அதற்காகத்தான்.