மணலில் எழுதிப் படித்த கதை: தரம் ஒன்று ஆசிரியர்களுக்காக



ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிற நாங்கள் சிலர் பேசிப் பேசிச் சேர்த்த விடயம் இது. கொஞ்சம் நீளமான பதிவு. தேநீரோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

2022 மார்ச் மாதம் எல்லோருக்கும் நினைவிருக்கும். நாட்டில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்தார்கள். அதற்கு முன்னர் எங்கள் பழக்கம் வேறு. வாட்ஸ்அப் குழுவில் யாராவது அழகான செயலட்டை ஒன்றைப் போட்டால் உடனே இறக்குவோம், கலரில் பிரிண்ட் எடுப்போம், லெமினேட் செய்வோம். சம்பளத்தில் ஒரு பங்கு அதற்கே போகும். அந்த வருடம் கடதாசியும் இல்லை, மின்சாரமும் இல்லை, கடையில் போட்டோக்கொப்பி மெஷின் துணி மூடிக் கிடந்தது. எங்களில் ஒரு டீச்சர் பிஸ்கட் டின் மூடியில் கடற்கரை மணலை அரித்துக் கொண்டுவந்தார். வேறு வழியில்லாமல்தான்.

வகுப்பில் பென்சிலைத் தொடாத ஒரு மகன் இருந்தார். கொப்பியை விரித்தாலே மேசைக்குக் கீழே போய்விடுவார். மணல் மூடியை அவர் முன்னால் வைத்தபோது முதலில் விரலால் ஓர் ஓட்டை போட்டார். பிறகு ஒரு கோடு. பிறகு டீச்சர் எழுதிய 'ட' மேல் விரலை ஓட்டினார். அழித்தார். தானே எழுதினார். திரும்ப அழித்தார். அன்று முழுக்க அழித்து அழித்து எழுதிக்கொண்டே இருந்தார்.

இந்த மணல் எங்கேயிருந்து வந்தது என்று தேடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். கல்வியியல் கல்லூரியில் பரீட்சைக்காக மனனமிட்ட பெயர்களெல்லாம் அப்போதுதான் மனிதர்களாகத் தெரிந்தார்கள்.

கதை சென்னையில் தொடங்குகிறது. அண்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார் 1787இல் அங்கே வந்தார். 1789இல் எழும்பூரில் ஓர் அநாதை விடுதிப் பாடசாலை அவர் பொறுப்புக்கு வந்தது. ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் இந்தியத் தாய்மாருக்கும் பிறந்த ஆண் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். அரிச்சுவடி படிப்பிப்பதற்கே மாதக்கணக்கில் ஆனது. பிள்ளைகளுக்கும் சலிப்பு, ஆசிரியர்களுக்கும் சலிப்பு. ஒரு நாள் காலை குதிரையில் போகும்போது ஒரு 'மலபார்' பள்ளிக்கூடத்தைப் பெல் பார்க்கிறார். அந்தக் காலத்து வெள்ளைக்காரர் தமிழரை மலபார் என்றுதான் எழுதுவார்கள், இலங்கையிலும் அப்படித்தான். அங்கே பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுத்து எழுதிப் படித்துக்கொண்டிருந்தார்கள். நம்முடைய திண்ணைப் பள்ளிக்கூடம்தான். மணலில் கை பழகிய பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும் பிள்ளையின் கைக்கு வரும். ஓலையில் கீறினால் அழிக்க முடியாது, மணலில் எத்தனை தரமும் பிழை விடலாம். அதைத் தெரிந்து வைத்திருந்தவர்கள் அந்தத் திண்ணை வாத்தியார்கள்.

பெல் தன் பாடசாலைக்குத் திரும்பி, கடைசி வகுப்புக்கு மணலில் எழுத்துப் படிப்பிக்கும்படி ஆசிரியர்களிடம் சொன்னார். அவர்கள் செய்யவில்லை. முடியாது என்றார்கள். சம்பளம் வாங்கும் பெரிய மனிதர்கள், தரையில் உட்கார்ந்து மண் அளைவதா? கடைசியில் ஜோன் பிரிஸ்கன் என்ற பையனிடம் அந்த வேலையைக் கொடுத்தார். அவனுக்கு எட்டு வயதளவில் இருக்கும், ஒரு சாதாரண சிப்பாயின் மகன். பெரியவர்கள் முடியாது என்றதை அந்தப் பையன் செய்து காட்டினான். கடைசி வகுப்பு எழுத்துப் படித்துவிட்டது.

இந்த இடத்தை வாசித்தபோது எங்களுக்குள் ஒரு கனத்த அமைதி. நாங்கள் யார் பக்கம்? பிரிஸ்கன் பக்கமா, முடியாது என்ற ஆசிரியர்கள் பக்கமா? மணல் மூடியைக் கொண்டுவந்த டீச்சரைப் பார்த்து, "இது என்ன, வகுப்பைக் குப்பையாக்குகிறீர்கள்" என்று சொன்னவர்களும் எங்களுக்குள்தான் இருந்தார்கள்.

பெல் 1796இல் இந்தியாவை விட்டுப் போனார். அடுத்த வருடம் லண்டனில் தன் அனுபவத்தைச் சிறு நூலாக அச்சிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயர் ஊரெல்லாம் பரவியது. படித்த பிள்ளை படிக்காத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் அதன் மையம். அது தன் சொந்தக் கண்டுபிடிப்பு என்பதில் பெல் உறுதியாக இருந்தார். ஆனால் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை என்று ஒருவர் இருந்தது நமக்குத் தெரியும். வாத்தியார் இல்லாத நேரத்தில் சின்னவர்களைப் பார்க்கிற மூத்த மாணவன் அவன். யாழ்ப்பாணத்தில் பழையவர்கள் ஆசிரியரையே சட்டம்பியார் என்பார்கள். பெல் பிறப்பதற்கு நூறு வருடங்களுக்கும் முன்னர், 1623இல், பியெத்ரோ தெல்லா வல்லே என்ற இத்தாலியப் பயணி கர்நாடகத்து இக்கேரியில் ஒரு காட்சியைக் கண்டு எழுதி வைத்திருக்கிறார். நான்கு சிறுவர்கள் கோயில் முற்றத்தில் உட்கார்ந்து, தரையில் மெல்லிய மணலைத் தூவி, ஒருவன் இசையோடு சொல்லச் சொல்ல விரலால் எழுதிக் கணக்குப் படிக்கிறார்கள். இடம் நிரம்பினால் கையால் அழித்துவிட்டுப் புது மணலைத் தூவுகிறார்கள். ஆசிரியர் எங்கே என்று கேட்டால், தேவையில்லை, நாங்களே ஒருவருக்கொருவர் கேட்டுப் படிப்போம் என்கிறார்கள். பெல் 1832இல் இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தார்கள். அவர் குதிரையை நிறுத்திப் பார்த்த அந்தத் திண்ணை வாத்தியாரின் பெயர் எங்கேயும் இல்லை.

இங்கிலாந்தில் ஜோசப் லங்காஸ்டர் என்ற இளைஞர், லண்டன் பரோ வீதியில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடசாலை நடத்தியவர், இதையே தன் பாணியில் செய்தார். சின்ன வகுப்புக்கு விளிம்பு வைத்த மேசையில் காய்ந்த மணல், அடுத்த வகுப்புக்குச் சிலேட். புத்தகம் வாங்கப் பணமில்லாததால் பாடத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, அட்டையில் ஒட்டிச் சுவரில் தொங்கவிட்டார். பிள்ளைகள் அரைவட்டமாக நின்று அதைப் பார்த்து வாசித்தார்கள். இன்று நாங்கள் பிரிஸ்டல் போர்டில் எழுதித் தொங்கவிடுகிற சார்ட்டுக்கு அது ஒரு மூத்த தாத்தா. பாடசாலைக்குக் காசு இல்லாததால் பிறந்த சாதனம் அது.

இந்த முறையை நாங்கள் புகழ்ந்து மட்டும் முடிக்க முடியாது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே மண்டபத்தில் அடைத்து, ஒரே ஆசிரியரைக் கொண்டு மலிவாக நடத்துவதற்கு அது வசதியாகப் போய்விட்டது. கட்டளை, மணி, திரும்பத் திரும்பச் சொல்லுதல். திண்ணையில் விளையாட்டுப் போல இருந்தது அங்கே தொழிற்சாலை போல ஆனது. பிறகு அதே ஆங்கிலப் பள்ளிக்கூட அச்சு நம் நாடுகளுக்குத் திரும்பி வந்தபோது கரும்பலகை, வெண்கட்டி, வாங்கு, மேசை எல்லாம் வந்தன. மணல் மட்டும் நாட்டுப்புறத்து விடயமாகிப் பின்னால் தள்ளப்பட்டது.

பாடச் சாதனம் என்று தனியாக யோசித்தவர்களில் கொமேனியஸை விட முடியாது. செக் நாட்டவர், மதப் போரில் ஊரை இழந்து வாழ்நாள் முழுக்க அகதியாக அலைந்தவர். 1656இல் அவர் தங்கியிருந்த போலந்து நகரம் எரிந்தபோது பல வருட எழுத்துகள் சாம்பலாகின. இரண்டே வருடத்தில், 1658இல், நியூரம்பெர்க்கில் பிள்ளைகளுக்கான அவருடைய படப் புத்தகம் வெளிவந்தது. மேலே படம், கீழே அந்தப் படத்திலுள்ள பொருட்களின் பெயர்கள், இலக்கமிட்டு. எழுத்துகளைக்கூட விலங்குகளின் சத்தத்தோடு சேர்த்து அறிமுகப்படுத்தினார். காகம் எப்படிக் கத்தும் என்று கேட்டுத்தான் முதல் எழுத்துக்கே போகிறார். இடம்பெயர்ந்த முகாம் வாழ்க்கையைப் பார்த்த நம் நாட்டு ஆசிரியர்களுக்கு இந்த மனிதர் தூரத்து ஆளாகத் தெரியமாட்டார்.

புரோபலைப் பற்றிச் சுருக்கமாக. 1837இல் ஜெர்மனியின் பிளாங்கன்பேர்க்கில் சிறுவர்களுக்காக விளையாட்டுப் பொருட்களோடு ஓர் இடத்தைத் தொடங்கினார். கம்பளி நூலால் செய்த நிறப் பந்துகள், மரக் கோளம், கனசதுரம், உருளை. 1840இல் அதற்கு 'சிறுவர் தோட்டம்' என்று பெயர் வைத்தார். 1851இல் பிரஷ்ய அரசாங்கம் அதைத் தடை செய்தது! நாத்திகமும் சோசலிசமும் பரப்புகிறதாம். கம்பளிப் பந்துக்கும் மரக் கட்டைக்கும் ஓர் அரசாங்கம் பயந்திருக்கிறது. தடை நீங்கும்போது 1860 ஆகிவிட்டது. அவர் 1852இலேயே காலமாகிவிட்டார்.

மொண்டிசோரியைத் தெரியாத இலங்கையர் இல்லை. பாலர் பாடசாலைக்கே நம் ஊரில் அந்தப் பெயர்தான். "மகள் மொண்டிசோரிக்குப் போறா" என்கிறோம், அது ஒரு பெண்ணின் பெயர் என்று பலருக்குத் தெரியாது. மரியா மொண்டிசோரி ஒரு மருத்துவர். 1907 ஜனவரியில் ரோமின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் தன் முதல் சிறுவர் இல்லத்தைத் திறந்தார். அவருடைய சாதனங்களில் எங்களை நிறுத்தி யோசிக்க வைத்தது மண்கடதாசி எழுத்து. சொரசொரப்பான கடதாசியில் எழுத்தை வெட்டி, அட்டையில் ஒட்டி, பிள்ளை அதன் மேல் விரலை ஓட்டி எழுத்தைத் தெரிந்துகொள்வது. பென்சில் பிடிப்பதற்கு முன்னர் விரலுக்கு எழுத்துத் தெரிந்துவிடும். திண்ணை மணலுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவர் சென்னை அடையாறில் இருந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1944இல் இலங்கைக்கும் வந்து பயிற்சி நடத்தினார்.

நமக்குள்ளும் இந்த மரபு இருக்கிறது, நாங்கள்தான் திரும்பிப் பார்ப்பதில்லை. நபி (ஸல்) அவர்கள் ஒரு சதுரம் வரைந்து, நடுவே ஒரு கோடு போட்டு, அதைச் சதுரத்துக்கு வெளியே நீட்டி, பக்கத்தில் சின்னச் சின்னக் கோடுகள் வரைந்து, மனிதனையும் அவன் ஆயுளையும் ஆசையையும் சோதனைகளையும் ஸஹாபாக்களுக்கு விளக்கியதை இப்னு மஸ்ஊத் (ரழி) அறிவிக்கிறார்கள், புகாரியில் இருக்கிறது. ஜும்ஆவில் எத்தனையோ தரம் கேட்ட ஹதீஸ்தான். அதை ஒரு பாடச் சாதனமாக நாங்கள் பார்த்ததில்லை. பத்ர் கைதிகளில் மீட்புப் பணம் இல்லாதவர்கள் மதீனாவின் பிள்ளைகளுக்கு எழுதப் படிப்பித்து விடுதலையான வரலாறும் நமக்குத் தெரிந்ததே.

ஊரிலே மூத்தம்மாமாரைக் கேட்டால் ஓதப்பள்ளியில் பலகை வைத்து ஓதிய கதை சொல்வார்கள். லெப்பை பலகையில் அலிஃப், பே எழுதிக் கொடுப்பார். பாடம் முடிந்தால் கழுவிவிட்டு அடுத்தது. கழுவின பலகையை வெயிலில் காயவைக்கும்போது வரிசையாகப் பிள்ளைகள் நிற்பார்களாம். அழித்து எழுதுவதற்குத்தான் அங்கேயும் முதலிடம். அந்தப் பலகையோடு மட்டும் நின்றால் போதாது என்று சொன்னவர் அறிஞர் சித்தி லெப்பை. 1882இல் 'முஸ்லிம் நேசன்' தொடங்கி, மார்க்கக் கல்வியோடு உலகக் கல்வியும் வேண்டும் என்று எழுதினார், பேசினார், பாடசாலைகள் திறந்தார். 1892இல் கொழும்பு மருதானையில் ஸாஹிரா உருவானதிலும் அவருக்குப் பங்கு உண்டு. பெண் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் அவர் சொன்னதற்கு வாங்கிய பேச்சு கொஞ்சமல்ல.

1945இல் இலவசக் கல்வி, 1980இல் இலவசப் பாடநூல். 1999இல் நாடு முழுக்க வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தத்தில் விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை என்று மூன்றாகப் பிரித்து, சின்ன வகுப்பில் விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும் கூடிய இடம் கொடுத்தார்கள். ஆசிரியர் கைந்நூலில் எல்லாம் அழகாக இருக்கிறது. வகுப்பறையில்?

உண்மையைச் சொல்கிறோம். எங்கள் பாடசாலையில் மேற்பார்வைக்கு ஆள் வருகிறார்கள் என்றால் இரவிரவாகச் சாதனம் செய்வோம். ரெஜிபோம், மினுக்கிக் கடதாசி, கலர் ரிப்பன். சுவரில் உயரமாக மாட்டுவோம், பிள்ளையின் கை எட்டாத உயரத்தில். "தொடாதீங்க, கிழிஞ்சிடும்" என்று வருடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்போம். பிள்ளை தொடக்கூடாத ஒன்றுக்கு ஏன் கற்றல் சாதனம் என்று பெயர் என்று எங்களை யாரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை. அழகுக்குப் புள்ளி போட்டார்கள், நாங்களும் வாங்கிக்கொண்டோம்.

இப்போது நாங்கள் செய்வது பெரிதாக ஒன்றுமில்லை. கடல் மணலை நன்னீரில் இரண்டு தரம் கழுவிக் காயவைத்து அரிக்கிறோம். இல்லாவிட்டால் உப்பு ஈரத்தில் கட்டிபடும், கையும் பிசுபிசுக்கும். தட்டின் அடியில் கறுப்புக் கடதாசி ஒட்டினால் எழுத்து பளிச்சென்று தெரியும். மணல் மெல்லிய படையாக இருக்க வேண்டும், கூடினால் கோடு மூடிவிடும். முதலில் ட, ப போன்ற நேர்கோட்டு எழுத்துகள், வளைவுகள் பிறகு. மொண்டிசோரி எழுத்து அட்டைக்குக் கடையில் மண்கடதாசி விலை, அதனால் பழைய பெட்டி மட்டையில் கம் பூசி அதே மணலைத் தூவிக்கொள்கிறோம். எண்ணுவதற்கு மஞ்சாடி விதையும் புளியங்கொட்டையும். மூக்குக்குள் போடுகிற பிள்ளைகள் இருப்பதால் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குகிறோம், அதுவும் ஒரு கணக்குப் பாடம்தான். எழுதத் தெரிந்த பிள்ளையைத் தெரியாத பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார வைக்கிறோம். அச்சுச் செயலட்டையை விட்டுவிடவில்லை. நல்லது வந்தால் இப்போதும் எடுக்கிறோம், ஆனால் மணலுக்குப் பிறகு.

மேசைக்குக் கீழே போன அந்த மகன் இப்போது மேல் வகுப்பில் இருக்கிறார். எழுத்து கொஞ்சம் கோணல்தான், ஆனால் எழுதுகிறார். இடைவேளையில் வந்து தரம் ஒன்றுப் பிள்ளைகளுக்கு மணல் தட்டில் எழுதிக் காட்டுவார். நாங்கள் சொல்லி வருவதில்லை, அவராகவே வருகிறார்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய ஓதப்பள்ளிப் பலகை ஏதும் கிடந்தால், கழுவாமல், அப்படியே ஒரு படம் எடுத்து இந்தப் பதிவின் கீழே போடுங்கள். அதில் எழுதிப் படித்தவர் யார், எந்தக் காலம் என்பதையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.