கேரவன் பயணத்தில் கழிவு வெளியேற்றம்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

ஆஸ்திரேலியாவின் கடலோரச் சாலைகளில் கேரவனிலோ மோட்டார் ஹோமிலோ பயணம் செய்வது, உடல்நலம் குன்றியவர்களுக்கும் ஏற்ற விடுமுறையாக அமையக்கூடும். கழிப்பறையும் படுக்கையும் மருந்துகளும் எப்போதும் அருகிலேயே இருக்கின்றன. ஆனால் வாகனத்தின் கழிவுத் தொட்டி சிறியது. அதை உரிய இடத்தில் வெறுமையாக்க வேண்டும். அவ்விடத்தை எவ்வாறு கண்டறிவது, பாதுகாப்பாக எவ்வாறு பயன்படுத்துவது என்பதை இப்பக்கம் விளக்குகிறது. எடுத்துக்காட்டாக நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் நியூகாசில் நகரம் கொள்ளப்பட்டுள்ளது.

முக்கியக் குறிப்புகள்

• தொட்டி நிரம்பிவிடும் என்ற அச்சத்தால் நீர் அருந்துவதைக் குறைக்காதீர்கள். சிறுநீரையோ மலத்தையோ அடக்காதீர்கள்.
• நோயாளியின் அன்றாடத் தேவையைக் கணக்கிட்டு, அதற்கேற்ப நிறுத்தங்களைத் திட்டமிடுங்கள்.
• கழிப்பறைக் கழிவைத் தெருவோர வடிகாலிலோ, புல்வெளியிலோ, மணற்பரப்பிலோ ஊற்றக் கூடாது.
• நோயெதிர்ப்பு ஆற்றல் குறைந்தவர்களும் அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் கழிவுப் பெட்டியைக் கையாளாமல் இருப்பது நல்லது.

கழிவு வெளியேற்றுமிடம் என்றால் என்ன?

கேரவன் கழிப்பறையின் கழிவைக் கழிவுநீர்க் குழாயமைப்பிலோ செப்டிக் தொட்டியிலோ சேர்ப்பதற்கென அமைக்கப்பட்ட இடமே கழிவு வெளியேற்றுமிடம். ஆஸ்திரேலியாவில் அறிவிப்புப் பலகைகளிலும் வரைபடங்களிலும் இது 'டம்ப் பாயிண்ட்' எனக் குறிக்கப்படும். பொதுவாக, மூடியுள்ள ஒரு திறப்பும் கழுவுவதற்கான நீர்க்குழாயும் அங்கே இருக்கும்.

வாகனத்தில் இருவகைக் கழிவுநீர் சேர்கிறது. கழிப்பறையிலிருந்து வருவது ஒன்று. சமையல் தொட்டியிலிருந்தும் குளியலறையிலிருந்தும் வரும் கழுவுநீர் மற்றொன்று. பல வாகனங்களில் கழிப்பறைக் கழிவு, வெளியே இழுத்து எடுக்கக்கூடிய 'கேசட்' என்னும் பெட்டியில் சேர்கிறது. பெரிய மோட்டார் ஹோம்களில் இதற்கென நிலையான தொட்டி இருக்கும். அதைக் குழாய் வழியாக வெறுமையாக்க வேண்டும். ஆகவே, நீங்கள் செல்லும் இடம் உங்கள் வாகனத்தின் அமைப்புக்கு ஏற்றதா என்பதை முன்னரே உறுதி செய்யுங்கள்.

கடலோர நகரில் இது ஏன் முக்கியம்?

வீட்டுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செல்கிறது. தெருவோர மழைநீர் வடிகாலில் விழுவதோ பொதுவாகச் சுத்திகரிக்கப்படாமல் ஓடையையும் ஆற்றையும் கடற்கரையையும் சென்றடைகிறது. அங்கே நீந்துவோருக்கும், அந்நீரில் வளரும் சிப்பிகளை உண்போருக்கும் நோய்க்கிருமிகள் பரவக்கூடும்.

1997ஆம் ஆண்டு நியூகாசிலுக்கு வடக்கேயுள்ள வாலிஸ் ஏரியில் மனிதக் கழிவு கலந்ததன் விளைவாக, அங்கு விளைந்த சிப்பிகளை உண்டவர்களிடையே ஹெபடைடிஸ் ஏ நோய் பரவியது. 400க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். கல்லீரல் நோயுள்ளவர்களுக்கும் முதியோருக்கும் இந்நோய் கடுமையாக அமையக்கூடும். மேலும், நீர்நிலைகளை மாசுபடுத்துவது நியூ சவுத் வேல்ஸில் 1997ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் செயற்பாடுகள் சட்டத்தின்படி குற்றமாகும்.

புறப்படுமுன்: தொட்டி எத்தனை நாள் தாங்கும்?

பெரும்பாலான கேசட்டுகள் ஏறத்தாழ 18 லிட்டர் கொள்ளும். உடல்நலமுள்ள பெரியவர் ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.5 லிட்டர் சிறுநீர் கழிக்கிறார். கழுவும் நீரையும் சேர்த்தால், இருவர் பயணம் செய்யும்போது கேசட் இரண்டு அல்லது மூன்று நாள்களில் நிரம்பும். நோயும் சிகிச்சையும் இக்கணக்கை மாற்றிவிடும்:

• சிறுநீர் பெருக்கும் மாத்திரை உட்கொள்பவர்களுக்கும், சர்க்கரை அளவு கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு நோயாளிகளுக்கும் சிறுநீரின் அளவு கூடும்.
• சிறுநீர் வடிகுழாய் பொருத்தியவரின் இரவுநேரப் பை 2 லிட்டர் வரை கொள்ளும்; காலையில் அது முழுவதும் கேசட்டுக்குள் செல்லும்.
• வயிற்றறை வழி டயாலிசிஸ் செய்பவர் நாளொன்றுக்கு நான்கு முறை, ஒவ்வொரு முறையும் 2 லிட்டர் திரவம் மாற்றினால், வெளியேறும் திரவம் மட்டுமே 8 லிட்டரைத் தாண்டும். இருவரின் கழிப்பறைப் பயன்பாடும் சேர்ந்தால், கேசட் ஒன்றரை நாளுக்குள்ளேயே நிரம்பிவிடும்.

புறப்படுவதற்கு முன் வீட்டில் ஒரு நாள் முழுவதும் வெளியேறும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். தொட்டியின் கொள்ளளவை அந்த அளவால் வகுத்தால், எத்தனை நாளுக்கு ஒருமுறை வெறுமையாக்க வேண்டும் என்பது தெரியும். அதில் கால் பங்கைக் கழித்துத் திட்டமிடுவது பாதுகாப்பானது. இயலுமாயின் கூடுதலாக ஒரு கேசட்டை எடுத்துச் செல்லுங்கள்.

கேசட்டை அடிக்கடி சுமக்க நேரிடுமே என்று எண்ணி, நோயாளிகள் தண்ணீரைக் குறைப்பதுண்டு. பராமரிப்பாளருக்குச் சிரமம் தரக் கூடாது என்ற நல்லெண்ணத்தாலும் சிலர் இவ்வாறு செய்கின்றனர். இதனால் நீரிழப்பு, சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தலைசுற்றி விழுதல் ஆகியவை நேரிடலாம். மருத்துவர் நீரின் அளவை வரையறுத்திருந்தால் அதைப் பின்பற்றுங்கள். அவ்வாறு இல்லையெனில் வழக்கம்போல் அருந்துங்கள். பராமரிப்பாளர்கள் இதைப் பற்றி நோயாளியிடம் முன்னரே வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது.

இடத்தைக் கண்டறிதல்

முதலில் பார்க்க வேண்டியது 'தேசியப் பொதுக் கழிப்பறை வரைபடம்'. சிறுநீர், மலக் கட்டுப்பாட்டுக் குறைபாடு உள்ளவர்களுக்கு உதவும் பொருட்டு ஆஸ்திரேலிய அரசு இதை நடத்துகிறது. இதில் 20,000க்கும் மேற்பட்ட கழிப்பறைகள் குறிக்கப்பட்டுள்ளன. கழிவு வெளியேற்றுமிடங்களையும், சக்கர நாற்காலி செல்லக்கூடிய கழிப்பறைகளையும், பெரியவர்களுக்கான உடைமாற்று வசதியையும், ஊசி அகற்றும் பெட்டியுள்ள இடங்களையும் தனித்தனியே தேர்ந்து பார்க்கலாம்.

உள்ளாட்சி மன்றத்தின் இணையதளம், சுற்றுலாத் தகவல் மையம், கேரவன் பூங்காக்கள், கண்காட்சித் திடல்கள் ஆகியவற்றிலும் விசாரிக்கலாம். ஆஸ்திரேலிய கேம்பர்வேன் மற்றும் மோட்டார் ஹோம் சங்கம், இத்தகைய பயணிகளுக்கு ஏற்ற ஊர்களை அடையாளப்படுத்துகிறது. கழிவு வெளியேற்றும் வசதி அதற்கான அளவுகோல்களுள் ஒன்று.

வரைபடத்தில் ஓர் இடம் அருகில் தெரிவதை மட்டும் கொண்டு முடிவு செய்யாதீர்கள். சிட்னிக்கு வடக்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நியூகாசில், ஹன்டர் ஆற்றின் முகத்துவாரத்தில் அமைந்துள்ளது. நகர மையத்தின் எதிர்க்கரையில் ஸ்டாக்டன் பகுதி கண்ணுக்கெட்டும் தொலைவில்தான் இருக்கிறது. ஆனால் இடையே ஓடும் படகுச் சேவை வாகனங்களை ஏற்றுவதில்லை. 1971இல் திறக்கப்பட்ட ஸ்டாக்டன் பாலத்தின் வழியாக ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சுற்றிச் செல்ல வேண்டும். நிரம்பிய தொட்டியுடனும் அவசரத் தேவையுள்ள நோயாளியுடனும் செல்பவர்களுக்கு இவ்வேறுபாடு பெரிது. ஆற்று முகத்துவாரங்களில் அமைந்த பிற கடலோர நகரங்களிலும் சாலை வழித் தொலைவையே பாருங்கள்.

செல்வதற்கு முன் பின்வருவனவற்றைக் கேட்டறியுங்கள்:

• அது பொதுமக்களுக்கானதா, பூங்காவில் தங்குவோருக்கு மட்டுமா?
• கட்டணம் உண்டா? இரவிலும் திறந்திருக்குமா?
• கழுவுவதற்கு நீர் உண்டா?
• உங்கள் வாகனத்தின் நீளத்துக்குத் திரும்ப இடம் உண்டா?
• எவ்வகைக் கழிப்பறை வேதிப்பொருள்களுக்குத் தடை உள்ளது?

கோடை விடுமுறையிலும் ஈஸ்டர் நாள்களிலும் கடற்கரைப் பூங்காக்கள் நிரம்பிவிடும். ஆகவே மாற்று இடம் ஒன்றையும் குறித்து வைத்திருங்கள்.

பாதுகாப்பாக வெறுமையாக்கும் முறை

1. நீர்புகாத கையுறையும் மூடிய காலணியும் அணியுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் முன்னரே கட்டுப்போடுங்கள்.
2. நிரம்பிய கேசட் 20 கிலோ எடையை நெருங்கும். சக்கரம் பொருத்தியதாயின் உருட்டிச் செல்லுங்கள்.
3. மூடியைத் திறக்கும்போது முகத்தை விலக்கி வைத்துக்கொள்ளுங்கள். காற்று விடும் பொத்தானை அழுத்திக்கொண்டு மெதுவாக ஊற்றினால் தெறிக்காது.
4. அங்குள்ள கழுவும் நீரால் கேசட்டை அலசி, அந்நீரையும் திறப்பிலேயே ஊற்றுங்கள். அந்தக் குழாயிலிருந்து குடிநீர் பிடிக்கக் கூடாது. உங்கள் குடிநீர்க் குழாயை அதனுடன் இணைக்கவும் கூடாது.
5. சிந்தியதைக் கழுவி, திறப்பை மூடுங்கள்.
6. கையுறையைக் கழற்றிய பின், சோப்பும் நீரும் கொண்டு குறைந்தது 20 விநாடிகள் கைகளைக் கழுவுங்கள். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோவைரஸை ஆல்கஹால் கலந்த கைச்சுத்திகரிப்பான் நன்கு அழிப்பதில்லை.

கழிப்பறை வேதிப்பொருளுடன் பிளீச்சைக் கலக்காதீர்கள். நச்சு வாயு உண்டாகலாம். ஃபார்மால்டிஹைடு உள்ள பொருள்கள் செப்டிக் தொட்டியில் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்களை அழித்துவிடுவதால், அவற்றைத் தவிருங்கள்.

உடல்நிலைக்கேற்ற குறிப்புகள்

கட்டுப்பாட்டுக் குறைபாடு: உறிஞ்சு பட்டைகளையும் ஈரத் துடைப்பான்களையும் கேசட்டிலோ கழிவுத் திறப்பிலோ போடாதீர்கள். பையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் இடுங்கள். மாற்றுத்திறனாளிகள் 'எம்எல்ஏகே' எனப்படும் பொதுச் சாவியைப் பெற்றுக்கொண்டால், அது பொருந்தும் அணுகல் கழிப்பறைகளை 24 மணி நேரமும் பயன்படுத்தலாம்.

ஸ்டோமா: பையிலுள்ளதைக் கழிப்பறையில் வெறுமையாக்கி, பையைக் கட்டிக் குப்பையில் இடுங்கள். ஸ்டோமா உள்ளவர்கள் நிரம்பிய கேசட்டைத் தூக்கினால், அதையொட்டிக் குடலிறக்கம் ஏற்படக்கூடும்.

வயிற்றறை வழி டயாலிசிஸ்: கழிவுநீர் இணைப்புள்ள கழிப்பறை கொண்ட தங்குமிடத்தைத் தேர்ந்தெடுப்பது எளிது. வெளியேறிய திரவம் தெளிவாகத் தோன்றினாலும் அது உடற்கழிவே, தரையில் ஊற்றாதீர்கள்.

கீமோதெரபி: சிகிச்சைக்குப் பின் சில நாள்கள் வரை உடற்கழிவில் மருந்தின் எச்சம் இருக்கும். சில மருந்துகளுக்கு இது 7 நாள்கள் வரை நீடிக்கலாம். உங்கள் மருந்துக்குரிய காலத்தைச் சிகிச்சைக் குழுவிடம் கேட்டறியுங்கள். அந்நாள்களில் கேசட்டைக் கையாள்பவர் கையுறை அணிதல் இன்றியமையாதது. கர்ப்பிணிகள் அதைக் கையாளக் கூடாது.

ஊசி பயன்படுத்துவோர்: ஊசிகளைத் துளைபடாத பெட்டியில் சேர்த்து, அவற்றை ஏற்கும் மருந்தகத்திலோ பொது மருத்துவமனையிலோ ஒப்படையுங்கள்.

வழியில் தொட்டி நிரம்பிவிட்டால்

வாகனக் கழிப்பறையை நிறுத்திவிட்டு, அருகிலுள்ள பொதுக் கழிப்பறையைப் பயன்படுத்துங்கள். கேரவன் பூங்கா ஒன்றை அழைத்து, நோயாளி உடன் இருப்பதைக் கூறி, கட்டணம் செலுத்தி வெறுமையாக்க இயலுமா எனக் கேளுங்கள். பொதுக் கழிப்பறையில் கேசட்டை ஊற்றினால் அடைப்பு ஏற்படலாம். அவ்வாறு செய்ய வேண்டாம்.

எப்போது மருத்துவ உதவி தேவை?

பின்வரும் நிலைகளில் காத்திருக்க வேண்டாம்:

• கீமோதெரபி பெறுபவருக்கு 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் இருந்தால், உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். நியூகாசிலில் ஜான் ஹன்டர் மருத்துவமனை நியூ லாம்டன் ஹைட்ஸ் பகுதியில் உள்ளது.
• டயாலிசிஸ் திரவம் கலங்கலாக வெளிவந்தாலோ வயிற்றுவலி இருந்தாலோ, உங்கள் சிறுநீரகப் பிரிவை உடனே அழையுங்கள்.
• சிறுநீர் மிகக் குறைதல், குழப்பம், எழும்போது தலைசுற்றல், நிற்காத வயிற்றுப்போக்கு ஆகியவை நீரிழப்பின் அறிகுறிகளாகலாம்.
• வேதிப்பொருள் கண்ணில் பட்டால், 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவியபடியே நச்சுத் தகவல் மையத்தை அழையுங்கள்.

உதவி எண்கள்

• உயிருக்கு ஆபத்தான நிலை: 000
• செவிலியர் ஆலோசனை, ஹெல்த்டைரக்ட்: 1800 022 222
• தேசியக் கட்டுப்பாட்டுக் குறைபாடு உதவி எண்: 1800 33 00 66
• நச்சுத் தகவல் மையம்: 13 11 26
• தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால்: 131 450. உங்கள் மொழி தமிழ் எனக் கூறி, நீங்கள் பேச விரும்பும் சேவையின் பெயரையும் எண்ணையும் தெரிவியுங்கள்.

இத்தகவல்கள் பொதுவானவை. உங்கள் உடல்நிலைக்குரிய ஆலோசனையைப் பயணத்துக்கு முன் உங்கள் மருத்துவரிடமோ சிகிச்சைக் குழுவிடமோ பெற்றுக்கொள்ளுங்கள்.