திருவந்திபுரத்தில் பிறந்த பாகை

சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,900 கிலோமீட்டர். விமானத்தில் நாலு மணி நேரம். கடலூர், சிதம்பரம் பக்கம் பிள்ளையை வழியனுப்ப வருகிறவர்கள்கூட இதை வாய்ப்பாடு போலச் சொல்வார்கள். நாலு மணி என்பது காற்றைப் பொறுத்துக் கூடும், குறையும். தூரம் மாறாது. ஆனால் நடுக்கடலில் யார் கயிறு பிடித்து அளந்தார்கள்?

எல்லாம் கணக்குதான். இரண்டு ஊர்களுக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை தெரிந்தால் இடையில் எத்தனை பாகை என்று சொல்லிவிடலாம். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் 26 பாகைக்குக் கொஞ்சம் அதிகம். ஒரு பாகை தரையில் எவ்வளவு நீளம் என்று தெரிந்துவிட்டால் பெருக்க வேண்டியதுதான் பாக்கி. இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைப் பணி முதன்முதலில் கண்டுசொன்ன பாகைக்குத் தென்முனை, கடலூரை ஒட்டிய நம் திருவந்திபுரம்.

1802 ஏப்ரல் 10. பரங்கிமலை அருகே, அந்த அளவைப் பணியைத் தொடங்கிய வில்லியம் லாம்டன் ஏழரை மைல் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். கையில் நூறடி எஃகுச் சங்கிலி. சீனப் பேரரசருக்குக் காணிக்கையாகப் போய், அவர் வேண்டாம் என்றதால் கல்கத்தா வந்து சேர்ந்த சங்கிலி அது. வெயிலில் எஃகு நீளும். அதனால் சங்கிலியை மரத்தொட்டிகளில் கிடத்தி, பக்கத்தில் வெப்பமானி வைத்து, ஒவ்வொரு நூறடிக்கும் சூடு குறித்தார்கள். சித்திரை வெயிலில் அதைத் தூக்கி, நீட்டி, மறுபடி தூக்கிய நம் ஊர்க் கூலியாட்களின் பெயர் எதுவும் நமக்கு வந்து சேரவில்லை. அது எனக்குத் தீராத வருத்தம்.

அந்த ஒரே கோட்டிலிருந்து முக்கோணம் மேல் முக்கோணமாகக் கடற்கரையோரம் தெற்கே இறங்கினார்கள். கோணங்களை அளந்த கருவி அரை டன் எடை. இங்கிலாந்திலிருந்து வரும் வழியில் அதைப் பிரெஞ்சுக்காரர்கள் கைப்பற்றி மொரீஷியசுக்குக் கொண்டுபோய், பிறகு பெருந்தன்மையாகத் திருப்பி அனுப்பினார்கள். திருவந்திபுரத்திலும் சென்னைக்கு வடக்கே இன்னொரு முனையிலும் இரவெல்லாம் உச்சி வானத்து நட்சத்திரம் பார்த்தார்கள். இரண்டு முனைக்கும் இடையே ஒன்றரைப் பாகைக்குச் சற்று மேல்.

விடை: ஒரு பாகைக்கு 60,494 பாகம். நம் மீனவர்கள் கடலாழம் சொல்லும் அதே சொல்தான். இங்கே பாகம் ஒன்றுக்கு 6 அடி. கிலோமீட்டரில் சுமார் 110.6. இன்றைய செயற்கைக்கோள் கணக்கும் ஏறத்தாழ இதையேதான் சொல்கிறது. இங்கிலாந்தில் ஒரு பாகை இதைவிட நீளம். பூமி நடுவில் பருத்திருப்பதால் வரும் வித்தியாசம் அது.

திருவந்திபுரம் போனால், தேவநாதப் பெருமாளைச் சேவித்து, ஔஷதகிரி ஏறி ஹயக்ரீவரைக் கும்பிட்ட பிறகு ஒரு நிமிடம் தெற்கே திரும்பி நில்லுங்கள். கூட வந்த பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். ஏறக்குறைய நேர் தெற்கே, பாகையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான தூரத்தில், சிதம்பரம். அதாவது 38 கிலோமீட்டர்.