கொக்கின் கண்ணிலிருந்து ஒரு கோடு

ஒஜிப்வே மக்களின் பிர்ச் பட்டைக் கலைன்னு தேடினா கூடை, பெட்டி, படகு படமா வந்து விழும். அழகுதான், இல்லைன்னு சொல்லலை. ஆனா செமினாருக்காகப் படிச்சப்போ என்னைப் பிடிச்சு நிறுத்தினது வேற ஒண்ணு: அமெரிக்க ஜனாதிபதி போல்க்கிட்ட 1849ல இவங்க பிர்ச் பட்டையில வரைஞ்சு கொண்டு போன மனு. எழுத்து ஒண்ணு கூட கிடையாது.

படத்துல முன்னாடி ஒரு கொக்கு. அது தலைவர் ஓஷ்காபேவிஸோட குலச்சின்னம். பின்னாடி கீரி மாதிரி இருக்கும் மார்ட்டன் மூணு, ஒரு கரடி, பாதி மனுசன் பாதி மீனா ஒண்ணு, ஒரு கெளுத்தி. ஒவ்வொண்ணும் ஒரு குலத்து ஆள். எல்லா இதயத்திலிருந்தும் கொக்கின் இதயத்துக்குக் கோடு, எல்லாக் கண்ணிலிருந்தும் கொக்கின் கண்ணுக்குக் கோடு. அதாவது, எங்களுக்கு மனசும் ஒண்ணு, பார்வையும் ஒண்ணு. கொக்கின் கண்ணிலிருந்து ரெண்டு கோடு கிளம்புது. ஒண்ணு முன்னாடி, ஜனாதிபதியை நோக்கி. இன்னொண்ணு பின்னாடி, காட்டரிசி விளையுற சின்னச் சின்ன ஏரிகளுக்கு. கேட்கிறது யாரு, யாருகிட்ட, எதை? மூணும் வந்தாச்சு. நம்ம தாலுகா ஆபீஸ் மனுவுல கூட இவ்வளவு தெளிவு கிடையாது :-)

பட்டை வேற எங்கிருந்தோ வாங்கினது இல்லை, அதே நிலத்தோடது. கோடை தொடக்கத்துல மரத்துல சாறு ஓடும்போது பட்டை சுலபமா கழண்டு வரும். முதல்ல புகையிலை வச்சு மரத்துக்கு நன்றி சொல்லணும். உள்பட்டையில கத்தி படாம வெளிப்பட்டையை மட்டும் எடுத்தா மரம் பிழைச்சுக்கும்.

சரி, எதுக்கு மனு? 1837, 1842 ஒப்பந்தங்கள்ல சுப்பீரியர் ஏரிக்குத் தெற்கே இருந்த நிலம் அரசு கைக்குப் போச்சு. ஒண்ணுல பைன் மரம், இன்னொண்ணுல செம்பு. வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் உரிமை உண்டுன்னு வாக்குறுதி. விட்டுக் கொடுத்ததுல கொஞ்சத்தையாவது திருப்பிக் கொடுங்கன்னுதான் இவங்க போனாங்க.

கிடைச்சது நேர் எதிர். 1850ல அடுத்த ஜனாதிபதி டெய்லர், எல்லாரும் மேற்கே கிளம்புங்கன்னு உத்தரவே போட்டார். வருஷாந்திரப் பணத்தை வழக்கமான லா பாயின்ட்டில் கொடுக்காம, மினசோட்டாவின் சாண்டி லேக்குக்கு வரச் சொன்னாங்க. போனவங்க வாரக்கணக்கா காத்துக் கிடந்தாங்க. கெட்டுப்போன சாப்பாடு, நோய், அப்புறம் பனியில திரும்பி நடை. சுமார் 400 பேர் செத்துப் போனாங்க. இதைப் படிச்ச அன்னிக்கு மேல ஒரு பக்கம் கூட நகரலை எனக்கு.

1852ல தொண்ணூறு வயசை ஒட்டிய தலைவர் பஃபலோ வாஷிங்டன் கிளம்பினார். முதல் கட்டப் பயணம் பிர்ச் பட்டைப் படகுலதான். ஜனாதிபதி ஃபில்மோரைப் பார்த்துப் பேசின பிறகு வெளியேற்றம் நின்னுச்சு. 1854 ஒப்பந்தத்துல அவங்க மண்ணுலேயே நிரந்தர இடங்கள் ஒதுக்கினாங்க. பழைய பரப்போட பார்த்தா அது துண்டு துண்டுதான்.

வேட்டை, மீன் உரிமைகள் மட்டும் செல்லும்னு 1983ல விஸ்கான்சின் வழக்கிலும், 1999ல மினசோட்டா வழக்கில் உச்ச நீதிமன்றத்திலும் தீர்ப்பு வந்துச்சு. டெய்லரோட 1850 உத்தரவு அந்த உரிமைகளை அழிக்கலைன்னு உச்ச நீதிமன்றம் சொன்னது. காட்டுல சேகரிக்கிற உரிமையும் இதுல சேர்த்தி. காட்டரிசி அதுல வரும், பிர்ச் பட்டையும் வரும்.