‘வேர்ஸ்’ பிறந்த கதை

ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்ட பிறகு, தான் பச்சை நிற ராட்சசன் ‘ஹல்க்’காக மாறிவிட்டதாக அமெரிக்க மயக்க மருத்துவர் ஒருவர் அரசுக்கு ஒரு புகார் அனுப்பினார். நடந்து ஏறத்தாழ இருபது வருடங்கள் ஆகின்றன. அந்தப் புகார் பதிவேட்டில் ஏறியது. பின்னர் பதிவேட்டைக் கவனிப்பவர்கள் அவரைத் தொடர்புகொண்டு பேசினார்கள். அவர் சம்மதம் சொன்ன பிறகுதான் அதை நீக்கினார்கள். சம்மதிக்காமல் இருந்திருந்தால் ஹல்க் இன்னும் அங்கேயே இருந்திருப்பான் என்று அவரே எழுதியிருக்கிறார்.

அந்தப் பதிவேட்டின் சுருக்கப் பெயர் ‘வேர்ஸ்’. தடுப்பூசி போட்ட பின் உடம்புக்கு வரும் கோளாறுகளைத் தெரிவிப்பதற்கான ஏற்பாடு அது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யும், மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வும் சேர்ந்து நடத்துகின்றன. டாக்டர் எழுதலாம், நர்ஸ் எழுதலாம், மருந்துக் கம்பெனி எழுதலாம். ஊசி போட்டுக்கொண்டவரோ அவருடைய அம்மாவோ வக்கீலோகூட எழுதலாம். ஊசிதான் காரணம் என்று யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. வந்து சேர்வதில் ஆள் அடையாளத்தை மட்டும் நீக்கிவிட்டு, மற்றதை ஊரார் பார்வைக்கு வைத்துவிடுகிறார்கள்.

எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்ளும் ஒரு பதிவேட்டை விவரம் தெரிந்தவர்கள் ஏன் உருவாக்கினார்கள்? பதில் மூன்று பழைய கசப்புகளில் இருக்கிறது.

முதலாவது போலியோ. 1955 ஏப்ரல் 12 அன்று ஜோனஸ் சால்க்கின் தடுப்பூசி பாதுகாப்பானது, பலன் தருவது என்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அறிவித்தார்கள். மாதா கோயில் மணிகள் ஒலித்தன. அன்றைக்கே உற்பத்திக்கு உரிமமும் கிடைத்தது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, ஊசி போட்ட குழந்தைகள் சிலருக்குக் கை விளங்காமல் போனது என்ற சேதி வரத் தொடங்கியது. எந்தக் கையில் ஊசி இறங்கியதோ அதே கை. கலிஃபோர்னியாவின் கட்டர் நிறுவனம் தயாரித்த சில தொகுதிகளில் வைரஸ் முழுதாகச் சாகாமல் உயிரோடு இருந்திருக்கிறது. அந்தக் குழந்தைகளிடமிருந்து வீட்டாருக்கும் அண்டை அயலாருக்கும் தொற்றியதையும் சேர்த்தால், சுமார் 200 பேர் முடங்கினார்கள், 10 பேர் இறந்தார்கள்.

ஏப்ரல் 27 அன்று கட்டர் சரக்கு திரும்பப் பெறப்பட்டது. மறுநாளே அலெக்ஸாண்டர் லாங்மியூர் என்ற தொற்றுநோய் வல்லுநர், நாடு முழுவதிலுமிருந்து போலியோ தகவல்களைத் திரட்டும் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். எந்தக் கம்பெனி, எந்தத் தொகுதி, எந்தத் தேதி என்று வரிசைப்படுத்திப் பார்த்ததில், கோளாறு முதன்மையாகக் கட்டரின் சரக்கில் என்பது புலப்பட்டது. தகவல் திரட்டியிருக்காவிட்டால் போலியோ தடுப்பூசி என்ற யோசனையே அந்த வருடத்தோடு செத்திருக்கும்.

இரண்டாவது, 1976. ராணுவ முகாம் ஒன்றில் பன்றிக் காய்ச்சல் வைரஸ் தலைகாட்டியது. 1918-இன் கொள்ளை நோய் திரும்பிவிடுமோ என்று பயந்து, அதிபர் ஜெரால்டு ஃபோர்டு நாட்டில் எல்லோருக்கும் ஊசி போட உத்தரவிட்டார். அக்டோபரில் போடத் தொடங்கிய சில நாட்களிலேயே, பிட்ஸ்பர்க் நகரில் ஊசி போட்டுக்கொண்ட முதியவர்கள் மூவர் இறந்தார்கள். பத்திரிகைகள் அலறின, சில மாநிலங்கள் ஊசி போடுவதை நிறுத்தின. விசாரித்தால், மூவருக்கும் இதய நோய். அந்த வயதில் அத்தனை லட்சம் பேரை வரிசையில் நிறுத்தினால், ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் தினமும் சிலர் இறந்துகொண்டுதான் இருப்பார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

ஆனால் அதே ஊசி, அதே வருடக் கடைசியில் இன்னொரு சேதியைக் கொண்டுவந்தது. கியான்-பாரே என்ற அரிய நரம்பு நோய். காலில் தொடங்கும் தளர்ச்சி மேலேறி உடம்பையே முடக்கிவிடும். ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் அது வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தென்பட்டது. கணக்கிட்டதில் ஏறத்தாழ லட்சத்தில் ஒருவருக்கு. இங்கே காக்கைக்கும் பழத்துக்கும் நிஜமாகவே சம்பந்தம் இருந்தது. சுமார் 4½ கோடி பேருக்குப் போட்ட பிறகு டிசம்பரில் திட்டம் நின்றது. பயந்த கொள்ளை நோயோ வரவே இல்லை.

புகார் வந்து சேர்ந்த நாளில் பிட்ஸ்பர்க் மரணங்களும் கியான்-பாரேயும் ஒரே மாதிரிதான் தெரிந்தன. இரண்டிலும் முதலில் ஊசி, பிறகு விபரீதம். எது தற்செயல், எது உண்மையான பாதிப்பு என்று வாசலிலேயே பிரிக்க யாராலும் முடியாது. முதலில் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, பிரிக்கும் வேலையைப் பிறகு செய்ய வேண்டும். வேர்ஸின் அடிப்படைத் தத்துவம் இதுதான். 1978-இல் சி.டி.சி. இதற்கென ஓர் ஏற்பாட்டைச் செய்தது. ஆனால் அரசுப் பணத்தில் வாங்கிய ஊசி பற்றிய புகார் ஒரு மேசைக்கும், தனியார் டாக்டர் போட்ட ஊசி பற்றிய புகார் வேறொரு மேசைக்கும் போனது.

மூன்றாவது கசப்பு முத்தடுப்பு ஊசியால் வந்தது. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி மூன்றுக்குமான டி.பி.டி. கக்குவானுக்கான பகுதியில் அந்தக் கிருமியே முழுதாக, கொல்லப்பட்ட நிலையில் இருக்கும். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் குழந்தைகளுக்குப் போடும் ஊசியில் இன்றும் இந்த வகைதான் சேர்ந்திருக்கிறது. தொடை வீங்கும், காய்ச்சல் அடிக்கும், குழந்தை இரவெல்லாம் வீரிட்டு அழும். நர்ஸ் முன்கூட்டியே சொல்லி, காய்ச்சல் மருந்தும் கொடுத்து அனுப்புவது அதனால்தான். சில குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு வலிப்பும் வரும்.

1982 ஏப்ரல் 19 அன்று வாஷிங்டனின் தொலைக்காட்சி நிலையம் ஒன்று, லியா தாம்ப்சன் தயாரித்த ஒரு நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. இந்த ஊசி குழந்தைகளின் மூளையைச் சிதைக்கிறது என்பது அதன் சாரம். பெற்றோர் பலருக்கு, தம் வீட்டுக்குள் நடந்ததை முதன்முறையாக வெளியில் யாரோ சொல்லக் கேட்டது போல இருந்தது. அதுவரை அவர்கள் டாக்டரிடம் சொன்னார்கள், அவர் தோளைத் தட்டி அனுப்பிவிட்டார். எங்கும் பதிவாகவில்லை. நிகழ்ச்சியால் ஒருவரையொருவர் அறிந்துகொண்ட பெற்றோர் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். அவர்களில் ஒருவரான பார்பரா லோ ஃபிஷர் பின்னாளில் அமெரிக்கத் தடுப்பூசி எதிர்ப்பின் முகமாகவே ஆனார்.

வழக்குகள் குவிந்தன. கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கடையைக் கட்டின. 1984 டிசம்பரில் ஊசிக்குத் தட்டுப்பாடு வந்து, பெரிய குழந்தைகளுக்கான தவணைகளைத் தள்ளிப்போடச் சொல்லும் நிலைக்கு சி.டி.சி. வந்தது. ஊசி இல்லாமல் போனால் என்னாகும் என்பதற்குக் கண்ணெதிரே ஒரு சாட்சி இருந்தது. 1975-இல் இரண்டு மரணங்களுக்குப் பின் ஜப்பான் இந்த ஊசியை நிறுத்தியது. 1979-இல் அங்கே 13,000 பேருக்கு மேல் கக்குவான் தாக்கி, 41 பேர் இறந்தார்கள்.

ஆக, ஒரு பக்கம் நஷ்ட ஈடும் நியாயமும் கேட்கும் பெற்றோர். மறு பக்கம் வழக்கிலிருந்து பாதுகாப்புக் கேட்கும் கம்பெனிகள். நடுவில் ஊசி தீர்ந்துவிடுமோ என்ற கவலையில் குழந்தை மருத்துவர்கள். மூவரையும் ஒரே சட்டத்துக்குள் கட்டிவைக்கும் வேலையை ஹென்றி வாக்ஸ்மன் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் முன்னின்று செய்தார். 1986 நவம்பர் 14 அன்று அதிபர் ரீகன் அரை மனதோடு கையெழுத்திட்டார். கம்பெனிகளுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. பெற்றோருக்கு நஷ்ட ஈட்டு நிதி கிடைத்தது. கூடவே பெற்றோர் வலியுறுத்திக் கேட்ட வேறு சிலவும் கிடைத்தன. ஊசியின் கம்பெனி, தொகுதி எண், தேதி மூன்றையும் டாக்டர் குறித்துவைக்க வேண்டும். பலனையும் ஆபத்தையும் எழுத்தில் தர வேண்டும். பட்டியலிட்ட கோளாறுகள் தென்பட்டால் கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டும். அப்படித் தெரிவிக்க ஓர் இடம் வேண்டுமே! 1990 நவம்பரில் இரண்டு மேசைகளும் ஒன்றாகி வேர்ஸ் பிறந்தது. தடுப்பூசியைச் சந்தேகித்தவர்கள் போராடிப் பெற்ற பிள்ளை அது.

ஒன்பதாவது வயதில் அது தன் மதிப்பைக் காட்டியது. குழந்தைகளின் கடும் வயிற்றுப்போக்கைத் தடுக்க, ரோட்டா வைரஸுக்கான ‘ரோட்டாஷீல்டு’ 1998 ஆகஸ்டில் உரிமம் பெற்றிருந்தது. அடுத்த கோடைக்குள் 15 குழந்தைகளுக்குக் குடல் செருகல் என்று வேர்ஸில் பதிவானது. குடலின் ஒரு பகுதி அடுத்ததற்குள் மடிந்து நுழைந்து அடைத்துக்கொள்ளும் ஆபத்து அது. வெறும் 15 பேர்தான். ஆனாலும் 1999 ஜூலையில் அந்த மருந்தை நிறுத்திவைத்தார்கள். உடனே, அதைக் கொடுத்த குழந்தைகளையும் கொடுக்காத குழந்தைகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கு ஆபத்து உண்மை என்று தெரிந்தது. அக்டோபரில் ரோட்டாஷீல்டு சந்தையை விட்டுப் போனது. அதற்கடுத்து வந்த இரண்டு ரோட்டா தடுப்பூசிகளையும், ஒவ்வொன்றுக்கும் 60,000-க்கு மேற்பட்ட குழந்தைகளை வைத்துச் சோதித்த பிறகே அனுமதித்தார்கள். இந்தியாவிலும் ரோட்டா தடுப்பு மருந்து அறிமுகமானபோது, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் உள்ளிட்ட குழு பல மருத்துவமனைகளில் குடல் செருகல் வருகிறதா என்று கண்காணித்தது. ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை.

இந்த ஒப்பிடும் வேலையை வேர்ஸ் தனியாகச் செய்ய முடியாது. எத்தனை பேருக்கு ஊசி போட்டார்கள், போடாதவர்களில் எத்தனை பேருக்கு அதே நோய் வந்தது என்ற கணக்கு அதனிடம் இல்லை. அதனால்தான் 1990-இலேயே, பெரிய மருத்துவ நிறுவனங்களின் நோயாளிப் பதிவுகளை இணைத்து, ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வேறோர் ஏற்பாடும் செய்தார்கள். ஒன்று சந்தேகத்தை எழுப்பும், மற்றது தீர்க்கும்.

முத்தடுப்பு ஊசி பற்றிய சந்தேகமும் ஒருவழியாகத் தீர்ந்தது. கிருமியின் சில கூறுகளை மட்டும் கொண்ட, காய்ச்சல் குறைந்த ஊசிக்கு அமெரிக்கா 1990-களில் மாறியது. 2006-இல் ஆஸ்திரேலியாவில் சாமுவேல் பெர்கோவிச் குழுவினர், இந்த ஊசியால் மூளை பாதிக்கப்பட்டதாகக் கருதப்பட்ட 14 பேரைச் சோதித்தார்கள். 11 பேருக்கு ஒரே மரபணுவில் பிழை. வலிப்பு நோய்க்கான காரணத்தோடுதான் பிறந்திருக்கிறார்கள். ஊசிக் காய்ச்சல் முதல் வலிப்பை முன்கூட்டி வரவழைத்திருக்கலாம், நோயை அது உண்டாக்கவில்லை. ஊசி போட்ட அன்று வலிப்பு வந்தது என்று சொன்ன அம்மா பொய் சொல்லவில்லை. காரணம்தான் வேறாக இருந்தது.

2021-இல் கொரோனா தடுப்பூசிகளோடு வேர்ஸுக்குப் பெரிய சோதனை வந்தது. ஊசி போட்டுக்கொண்டவர் எந்தக் காரணத்தால் இறந்தாலும் தெரிவித்தே ஆக வேண்டும் என்று டாக்டர்களுக்கு விதி இருந்தது. அதனால் முதுமையில் இறந்தவர்களும் விபத்தில் இறந்தவர்களும் அதே பட்டியலில் சேர்ந்தார்கள். அந்த மொத்தத் தொகையை எடுத்து, இத்தனை ஆயிரம் பேரை ஊசி கொன்றது, அரசே ஒப்புக்கொள்கிறது என்று உலகெங்கும் பரப்பினார்கள். அதே பட்டியலிலிருந்துதான், ஜான்சன் அண்ட் ஜான்சன் ஊசி போட்ட 68 லட்சம் பேரில் 6 பெண்களுக்கு மூளையின் ரத்த நாளத்தில் ஓர் அரிய ரத்த உறைவு ஏற்பட்டதை வல்லுநர்கள் பிடித்தார்கள். ஏப்ரல் 13 அன்று அந்த ஊசி நிறுத்திவைக்கப்பட்டது. 68 லட்சத்தில் 6 பேரைக் கண்டுபிடிக்கிற பதிவேடு, ஆயிரக்கணக்கான கொலைகளைக் கவனிக்காமல் விட்டிருக்குமா என்று வதந்தி பரப்பியவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

இதைப் பார்த்து, பதிவேட்டைப் பூட்டி வைத்தால் என்ன, டாக்டர்கள் மட்டும் எழுதினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் 1982-இல் டாக்டர்கள் மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்; அவர்கள் எழுதிவைக்காததைத் தொலைக்காட்சி எழுதிக்கொண்டது. அது சேதியைச் சொன்னதே தவிர, ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுப்பு அதற்கு இல்லை. சொல்ல இடமில்லாமல் போகும் சந்தேகம் மறைந்துவிடுவதில்லை, விசாரிக்க ஆளில்லாத இடத்துக்குப் போய்விடுகிறது. ஹல்க் புகாரைப் பொறுத்துக்கொள்வது அதைவிட மலிவு.