கடையில் விற்கும் துறவி நண்டு எந்த இனம்? எங்கிருந்து வருகிறது? வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

2025 மே மாதம், ஜப்பானின் அமாமி தீவில் உள்ள ஒரு ஹோட்டல். விருந்தினர்கள் கொடுத்து வைத்திருந்த சூட்கேஸ்களுக்குள் இருந்து ஏதோ உரசும் சத்தம். ஊழியர்கள் சந்தேகப்பட்டுத் தகவல் சொல்ல, திறந்து பார்த்தபோது உள்ளே ஆயிரக்கணக்கில் உயிருள்ள துறவி நண்டுகள். சீனாவைச் சேர்ந்த மூன்று இளைஞர்கள் கைதானார்கள். சிக்கிய நண்டுகளின் மொத்த எடை சுமார் 160 கிலோ.

சங்கைச் சுமந்துகொண்டு மணலில் ஊர்ந்து போகும் இந்தச் சின்ன உயிருக்கு இவ்வளவு கிராக்கியா? ஆமாம். அமெரிக்கா, சீனா, ஜப்பான் என்று பல நாடுகளில் இது பிரபலமான செல்லப்பிராணி. சாதாரண இனம் அலுத்துப்போனவர்கள் சிவப்பு, ஊதா, நீலம் என்று அரிய இனங்களைத் தேடுகிறார்கள். சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பண்ணையில் வளர்க்க முடியாதா?

பெட்டிக்குள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் ஜாதி இல்லை இது. பெண் நண்டு முட்டைகளை வயிற்றில் சுமந்து, கடலோரம் போய் அலையில் விடும். வெளிவரும் லார்வாக்கள் வாரக்கணக்கில் கடலில் மிதந்து, பல கட்டங்கள் மாறி, கடைசியில் ஒரு குட்டிச் சங்கைத் தேடி எடுத்துக்கொண்டு கரையேறும். இதை வீட்டுத் தொட்டியில் அப்படியே நடத்திக் காட்டுவது மிகவும் கஷ்டம். சில ஆர்வலர்கள் சாதித்திருக்கிறார்கள், ஆனால் எண்ணிக்கை மிகக் குறைவு. ஆஸ்திரேலியாவின் 'வேரியாபிலிஸ்' இனத்துக்கு மட்டும் லார்வா பருவம் குறுகியது.

அதனால் உலகம் முழுக்கக் கடைகளில் இருப்பவை கிட்டத்தட்ட எல்லாமே ஏதோ ஒரு கடற்கரையில் பிடிக்கப்பட்டவை. இயற்கையில் இவை 30 ஆண்டுகளுக்கு மேல்கூட வாழக்கூடியவை. அதாவது கடைக்காரர் கையில் இருக்கும் பெரிய நண்டு, வாங்க வந்த கல்லூரி மாணவரைவிட மூத்ததாக இருக்கலாம்.

முதலில் பார்க்க வேண்டியது என்ன?

அது தரையில் வாழ்வதா, கடலில் வாழ்வதா என்பதைத்தான். மீன் தொட்டிக் கடைகளில் இரண்டுமே 'ஹெர்மிட் கிராப்' என்ற ஒரே பெயரில் அழைக்கப்படுகின்றன. தரை இனத்தைத் தண்ணீருக்குள் போட்டு வைத்தால் மூச்சுத் திணறிச் செத்துவிடும். கடல் இனத்தை வெளியே வைத்தாலும் அதே கதிதான்.

தரைத் துறவி நண்டுகள் 'கோயனோபிட்டா' என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. சுமார் 17 இனங்கள் உண்டு. சங்கை வைத்து அடையாளம் காண முடியாது, அது வெறும் வாடகை வீடு. நிறத்தை மட்டும் நம்பவும் முடியாது. 'ருகோசஸ்' இனத்தில் பழுப்பு, வெள்ளை, நீலச் சாயல் என்று ஒரே கடற்கரையில் பல நிறங்கள் கிடைக்கும். 'ஸ்ட்ராபெரி' எனப்படும் 'பெர்லேட்டஸ்' வளர்ந்த பிறகுதான் வெள்ளை மணி பதித்த செக்கச்சிவப்பு. குட்டியில் வெளிறிப்போய் இருக்கும்.

நம்பகமானது இடது பெரிய கொடுக்கும் கண்களும்தான். நண்டு சங்குக்குள் ஒடுங்கும்போது இந்தக் கொடுக்கைக் கதவுபோல வைத்து வாசலை அடைத்துக்கொள்ளும். அந்தக் கொடுக்கின் மேல்புறத்தில் தையல் போட்டதுபோல் சாய்வான வரிகள் இருந்தால் ருகோசஸாக இருக்க வாய்ப்பு அதிகம். வரியே இல்லாமல், வழவழப்பாக, ஊதா நிறத்தில் உருண்டு பெருத்திருந்தால் 'பிரேவிமானஸ்'. இதுவும் ருகோசஸும் ஸ்ட்ராபெரியும் இந்திய, பசிபிக் பெருங்கடல் கரைகளுக்குச் சொந்தமானவை.

அமெரிக்கக் கடைகளில் அதிகம் விற்கும் 'பர்பிள் பின்சர்' இனத்துக்கும் ஊதாக் கொடுக்குதான். ஆனால் அது கரீபியன் பகுதிக்காரர், கண்கள் உருண்டை. அமெரிக்கக் கண்டங்களின் பசிபிக் கரையில் இருப்பது 'ஈக்வடோரியன்'. அதன் கண்கள் நீண்டிருக்கும், ஓட்டமும் வேகம். ஜப்பானின் தெற்குத் தீவுகளில் வாழும் 'பர்ப்யூரியஸ்' இனத்தைத்தான் 'புளூபெரி' என்று கொண்டாடுகிறார்கள்.

இனம் தெரிந்தால் ஊர் தெரியும். ஊர் தெரிந்தால், அங்கே பிடிப்பது சட்டப்படி சரியா என்றும் கேட்க முடியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

உலக அளவிலான கட்டுப்பாடு பலவீனம். அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டீஸ்' பட்டியலில் இந்த நண்டுகள் இல்லை. எனவே ஒவ்வொரு நாட்டின் சட்டமும்தான் காவல். ஜப்பான் 1970-லேயே இவற்றை இயற்கை நினைவுச்சின்னமாக அறிவித்துவிட்டது. ஒகினாவாவில் அனுமதி பெற்ற சிலர் மட்டும் பிடித்து விற்கலாம். அதனால் ஜப்பானியக் கடையில் நண்டைப் பார்த்ததும் கடத்தல் என்று சொல்லிவிட முடியாது. அனுமதிச் சீட்டு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இந்தியாவில் அந்தமான் நிக்கோபார், லட்சத்தீவு கரைகளில் துறவி நண்டுகள் உண்டு. சுற்றுலா போன இடத்தில் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டால் இரண்டு வகையில் மாட்டலாம். ஒன்று, அது குடியிருக்கும் சங்கே பாதுகாக்கப்பட்ட இனமாக இருக்கலாம். அந்தமான் விமான நிலையத்தில் சங்கு, பவளப்பாறைக்காகப் பைகளைச் சோதிப்பது வழக்கம். மற்றொன்று இன்னும் சீரியஸ். நிக்கோபாரில் வாழும் தென்னை நண்டும் குட்டியாக இருக்கும்போது சங்கைச் சுமந்துதான் திரியும், வளர்ந்த பிறகு சங்கை விட்டுவிடும். பார்ப்பதற்குச் சாதாரணத் துறவி நண்டு, ஆனால் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ன் முதல் அட்டவணை உயிரினம். புலி இருக்கும் அதே அட்டவணை! மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளிலும் எதையும் எடுக்கக் கூடாது.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால்?

விற்பவரிடம் எந்த நாடு, யார் பிடித்தது, இறக்குமதி ஆவணம் உண்டா என்று கேளுங்கள். "எல்லாம் பண்ணையில் வளர்த்தது சார்" என்று பதில் வந்தால் சந்தேகப்படலாம். ஏற்கெனவே வளர்த்து, இப்போது பராமரிக்க முடியாமல் கொடுப்பவர்களிடம் வாங்கினால் கடற்கரையில் இருந்து இன்னொன்று குறையாது.

பெயின்ட் அடித்த சங்கில் இருப்பதைத் தவிர்க்கவும். பெயின்ட் உரிந்து வயிற்றுக்குள் போகும். இவை செவுள் வழியாகச் சுவாசிப்பதால் காற்றில் 70 முதல் 80 சதவீத ஈரப்பதம் வேண்டும். கம்பிக் கூண்டு, ஏசி அறை இரண்டும் ஆகாது. நல்ல தண்ணீரோடு, கடல் மீன் தொட்டிக்கான உப்பு கலந்த தண்ணீரும் தனியாக வைக்க வேண்டும். சமையல் உப்பு வேண்டாம்.

தோலுரிக்கும் காலத்தில் ஈர மணலுக்குள் புதைந்து வாரக்கணக்கில் வெளியே வராது. செத்துப்போச்சு என்று நினைத்துத் தோண்டினால், புதுத் தோல் இறுகாத நிலையில் உண்மையிலேயே செத்துவிடும். அழுகிய மீன் நாற்றம் வராத வரை அப்படியே விட்டுவிடுங்கள். வளர்க்க முடியாமல் போனாலும் மெரினாவிலோ வேறு கடற்கரையிலோ கொண்டுபோய் விடக் கூடாது. வெளிநாட்டு இனம் என்றால் கூடவே நோயும் ஒட்டுண்ணியும் கரையேறிவிடும்.