காபி அறையும் டீக்கடை பெஞ்சும்

ஞாயிறு காலை ஏழு மணிக்கு கில்ஃபோர்டிலிருந்து சைக்கிளை எடுத்தால் முக்கால் மணி நேரத்தில் ஷியர் என்ற கிராமம் வந்துவிடும். லண்டனுக்குத் தென்மேற்கே இருக்கும் சர்ரே மாவட்டத்தில் வேலைக்கு வந்த நாளிலிருந்து இதுதான் என் ஞாயிற்றுக்கிழமை. ஷியரைத் தாண்டித் தெற்கே திரும்பினால் காடு. நூற்றாண்டுகளாக வண்டிச் சக்கரமும் மழைநீரும் அறுத்து அறுத்து, சாலை இரண்டு பக்க நிலத்தைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. தலைக்கு மேலே மண்சுவரிலிருந்து பீச் மரங்களின் வேர்கள் நீட்டிக்கொண்டிருக்கும். இப்படியே ஏறிப் போனால் லீத் ஹில். உயரம் 294 மீட்டர்தான், ஏற்காட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் ஏற்றம் செங்குத்து, மூச்சு வாங்கிவிடும். அரை மணி நேரத்துக்கு ஒரு கார் வந்தால் அதிகம்.

போன இலையுதிர் காலத்தில் அங்கே என் செயின் கழன்றது. குனிந்து மாட்டிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு கார் மெதுவாக வந்து நின்றது. கண்ணாடியை இறக்கி ஒரு ஆண் கேட்டார், உதவி வேண்டுமா என்று. வேண்டாம் என்றேன். போய்விட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் அவர் போன பிறகும் கிரீஸ் படிந்த என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. வாகனமே இல்லாத சாலை என்று நான் விரும்பி வந்த அதே அமைதி, அந்த ஒரு நிமிடத்தில் வேறொன்றாக மாறிவிட்டது.

எனக்கு முன்னால் இங்கே சைக்கிள் ஓட்டிய பெண்கள் யார், அவர்களுக்கு இந்தச் சாலை எப்படி இருந்தது என்று தேடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

இந்தச் சாலைகள் முன்பும் ஒருமுறை அமைதியாகியிருக்கின்றன. 1840களில் ரயில் வந்ததும் குதிரை வண்டிகள் நின்றுபோயின. வழிநெடுக இருந்த விடுதிகள் ஆளில்லாமல் கிடந்தன. 1885-இல் ஸ்டார்லியின் 'ரோவர்' சைக்கிள் வந்தது. இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு, பின்சக்கரத்துக்குச் செயின். 1888-இல் டன்லப் காற்று டயரைச் செய்தார். இன்று நாம் ஓட்டும் சைக்கிளின் அமைப்பு அதுதான். அந்தச் சைக்கிள்காரர்கள்தான் காலியாகக் கிடந்த சாலைகளுக்கு மீண்டும் உயிர் கொடுத்தார்கள்.

லண்டனிலிருந்து அவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்த ஊர் ரிப்ளி. அங்கே 'ஆங்கர்' விடுதியை நடத்தியது டிப்பிள் குடும்பத்துப் பெண்கள். பசியோடு வந்தவர்களுக்கு அவர்கள் சோறு போட்ட விதம் எப்படியோ, அன்னி டிப்பிள் இறந்த பிறகு அவர் நினைவாக ஊர் தேவாலயத்தில் வண்ணக் கண்ணாடி ஜன்னல் வைக்கச் சைக்கிள்காரர்கள் பணம் திரட்டினார்கள்.

சைக்கிள் ஓட்டிவந்த பெண்களுக்கு இவ்வளவு எளிதாக வரவேற்பு கிடைக்கவில்லை. முதல் சிக்கல் உடை. அன்றைய சைக்கிளில் கியர் கிடையாது. பெரும்பாலானவற்றில் சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும். இறக்கத்தில் காலைத் தூக்கி முன்பக்கத் தாங்கியில் வைத்துக்கொண்டு, வண்டி போகிற போக்கில் போக வேண்டும். சைக்கிள் சுற்றுலா சங்கம் ஆபத்தான மலை இறக்கங்களின் உச்சியில் எச்சரிக்கைப் பலகைகள் நட்டது அதனால்தான். கணுக்கால்வரை பாவாடையோடு அப்படி இறங்குவதை நினைத்துப் பாருங்கள். காற்று துணியைத் தூக்கும், செயின் இழுக்கும். இதற்காகத்தான் நடுக்கம்பி இல்லாத 'லேடீஸ் சைக்கிள்' வந்தது, பின்சக்கரத்துக்கு நூல் வலை வந்தது. பெண்ணின் உடைக்கு ஏற்றபடி சைக்கிளை மாற்றினார்கள். உடையை மாற்றலாமே என்று கேட்டவர்களுக்குக் கேலிதான் மிஞ்சியது. 1893-இல் டெஸ்ஸி ரெனால்ட்ஸ் என்ற 16 வயதுப் பெண் பிரைட்டனிலிருந்து லண்டன் போய்த் திரும்பினாள். எட்டரை மணி நேரம். பத்திரிகைகள் அவள் வேகத்தைவிட அவள் போட்டிருந்த கால்சட்டையைப் பற்றித்தான் அதிகம் எழுதின.

உடையை மாற்றச் சொன்னவர்களில் முக்கியமானவர் ஹார்பர்ட்டன் சீமாட்டி. 1881-இல் லண்டனில் தொடங்கிய பகுத்தறிவு உடைச் சங்கத்தின் தலைவர். ஒரு பெண்ணின் உள்ளாடைகளின் மொத்த எடை ஏழு பவுண்டுக்கு, அதாவது சுமார் மூன்று கிலோவுக்கு, மேல் போகக் கூடாது என்பது அந்தச் சங்கத்தின் கொள்கைகளில் ஒன்று. அப்படியானால் அதுவரை எவ்வளவு சுமந்தார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

1898 அக்டோபரில் ஒரு நாள் அவர் அகலமான கால்சட்டையோடு சைக்கிளில் வந்து, ரிப்ளிக்குப் பக்கத்து ஊரான ஆக்கமில் 'ஹாட்பாய்' விடுதியில் இறங்கினார். மதிய உணவு கேட்டார். விடுதியை நடத்திய ஸ்ப்ரேக் அம்மையார், இந்த உடையில் காபி அறைக்குள் விட முடியாது என்றார். காபி அறை என்பது கண்ணியமான விருந்தினர்கள் சாப்பிடும் இடம். வேண்டுமானால் மதுக்கூடத்தை ஒட்டிய அறையில் சாப்பிடலாம் என்றார். அங்கே ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள், புகையும் மது வாடையும். ஹார்பர்ட்டன் மறுத்துவிட்டு வெளியேறினார்.

பயணிக்கு உணவு மறுக்க விடுதிகளுக்குச் சட்டத்தில் உரிமை இல்லை. சைக்கிள் சுற்றுலா சங்கம் வழக்குத் தொடர்ந்தது. 1899 ஏப்ரலில் கிங்ஸ்டனில் விசாரணை. உணவு தர மறுக்கவில்லையே, வேறு அறையில்தானே தருவதாகச் சொன்னார்கள் என்று ஜூரிகள் ஸ்ப்ரேக் அம்மையாரை விடுவித்தார்கள். சாலையில் ஓட்டலாம், உட்கார்ந்து சாப்பிடும் அறையில் இடமில்லை.

இந்தக் கதையில் ஹார்பர்ட்டனை மட்டும் வீராங்கனையாக்கிவிட என்னால் முடியவில்லை. அவர் சீமாட்டி. 'அந்த அறையில் உட்கார மாட்டேன்' என்பதில் பாலினம் மட்டும் இல்லை, வர்க்கமும் இருக்கிறது. ஸ்ப்ரேக் அம்மையாரும் பெண்தான். தன் விடுதியின் நல்ல பெயர் இன்னொரு பெண்ணின் கால்சட்டையால் கெட்டுவிடும் என்று ஏன் அவர் நம்ப வேண்டியிருந்தது? கௌரவம் என்ற காவல் வேலையைப் பெண்கள் கையில் கொடுத்துச் செய்யவைப்பது நமக்குப் புதிதா என்ன?

ஆக்கம் வழக்கைப் படித்த வாரம் அம்மாவிடம் போனில் சொன்னேன். அம்மா புதுக்கோட்டைக்காரர். 1991-இல் அறிவொளி இயக்கம் வந்தபோது எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்ட பெண்களில் ஒருவர். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலாராணி சுங்கத். அந்த மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கற்றதாக பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். நடுக்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு. அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓட்டினார். அந்தக் கம்பியில் உட்கார்ந்து போனவள் நான்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா சொன்னார்: "என்னத்தா பெரிய அதிசயம்? நான் பத்து மைல் ஓட்டிட்டுப் போவேன். தொண்டை காஞ்சு போகும். வழியில மூணு டீக்கடை. ஒரு நாளு அந்த பெஞ்சுல உக்காந்தேனா? ஆம்பளைக உக்காந்து பேப்பர் படிப்பாக. நான் கம்மாக்கரையில எறங்கித் தண்ணி குடிச்சிட்டு ஏறிருவேன்."

யாரும் தடுத்தார்களா என்று கேட்டேன். "தடுக்கணுமாக்கும்?" என்றார்.

அம்மாவை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. எனவே அதற்கு வழக்கும் இல்லை, ஜூரியும் இல்லை. இரட்டைக் குவளை வைத்திருந்த கடைகளில், எந்தத் தெருப் பெண் என்ற கேள்வியும் சேர்ந்துகொள்ளும்.

2000-இல் பிரிட்டனில் வந்த போக்குவரத்துச் சட்டம், கிராமச் சாலைகளை 'அமைதிச் சாலை' என்று அறிவிக்க உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் தந்தது. நடப்பவர், சைக்கிள் ஓட்டுபவர், குதிரையில் போகிறவர் எல்லாருக்கும் பொதுவான சாலை. நல்ல சட்டம். வாகனத்திலிருந்து என்னைக் காப்பாற்றும். செயின் கழன்றபோது நடுங்கிய கைக்கு அதில் பதில் இல்லை. நிற்கவும், உட்காரவும், ஒருவரும் ஏன் என்று கேட்காமல் இளைப்பாறவும் முடிந்தால்தான் அந்தச் சாலை என்னுடையது.

இந்த ஜனவரியில் ஊருக்குப் போனபோது அம்மாவும் நானும் அந்த வழியில் போனோம். அம்மாவுக்கு முட்டி வலி, அதனால் ஸ்கூட்டரில். இரண்டாவது டீக்கடையில் நிறுத்தச் சொன்னார். பெஞ்சில் இரண்டு பேர் இருந்தார்கள். அம்மா போய் நடுவில் உட்கார்ந்தார். அவர்கள் கொஞ்சம் நகர்ந்துகொண்டார்கள். "ரெண்டு டீ, ஒண்ணுல சீனி கம்மியா" என்றார் கடைக்காரரிடம். டீ ஆறும்வரை எழுந்திருக்கவில்லை.